மேல் டிவிஷனில் நிரப்பிய பன்னிரண்டு படிவங்கள்

இதை எழுதச் சொன்னவர் சுபாஷினி. நான் ஓய்வு பெற்ற பிறகு நுவரெலியா கணக்கெடுப்பு அலுவலகத்தில் என் மேசைக்கு வந்தவர். போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் பழைய ஒப்பீட்டை மறுபடியும் செய்யப் போகிறார்களாம். இம்முறை காகிதப் படிவம் கிடையாது, எல்லாம் கையடக்க டெப் கணினியில்தான். புதிதாகச் சேர்ந்த பதினெட்டுப் பேருக்குப் பயிற்சிக் கையேடு ஒன்று அச்சிடுகிறார்களாம்.

"ஒங்க அனுபவத்த ரெண்டு பக்கத்துல எழுதித் தாங்க சேர். புள்ளைங்க படிச்சிட்டுக் கொஞ்சம் சிரிக்கிற மாதிரி இருந்தா நல்லது" என்றார்.

"எந்த ஒப்பீடு?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"தோட்டமும் பஜாரும் சேர். நீங்க செஞ்சதுதான். அந்த இலக்கத்தையே அடிப்படையா வச்சு, இந்த நாலு வருசத்துல யாரு எவ்வளவு முன்னேறியிருக்காங்கன்னு பாக்கப் போறாங்க."

இரண்டு பக்கத்துக்காக மூன்று தரம் உட்கார்ந்தேன். சிரிக்கிற மாதிரி எதுவும் வரவில்லை. அந்த அடிப்படை இலக்கம் பிழை. பிழை என்பது அதை எழுதிய அன்றே எனக்குத் தெரியும். பிழையான வீடுகள் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் ஒன்றில் முதுகெலும்பு முறிந்த ஒரு மனிதர் படுத்திருந்தார். அவரைப் பகலில் புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள் இருக்குமா இருக்காதா என்பது நான் நிரப்பிய படிவத்தைப் பொறுத்திருந்தது. கையேட்டில் இடமிருக்கிறதோ இல்லையோ, அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் முப்பத்து மூன்று வருடமும் ஏழு மாதமும் கணக்கெடுத்தவன். அப்பா இறம்பொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கர். உயர்தரம் முடித்ததும் தற்காலிக எண்ணுநராகச் சேர்ந்தேன். நாய்க்கு முன்னால் நகராமல் நிற்கவும், மழையில் படிவம் நனையாமல் பிடிக்கவும் பழக ஒரு வருடம் போதும். மீதியை நாலு வரியில் சொல்லிவிடலாம். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரே கூரை என்பது கணக்கில்லை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும்; வழக்கமாக என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்கக் கூடாது. வழக்கமாக என்று கேட்டால் இந்த நாட்டில் எல்லோரும் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். தேநீர் தந்தால் குடிக்க வேண்டும். இரண்டாம் தரம் தந்தால் எழுந்துவிட வேண்டும்.

என் மேலதிகாரி விமலசேன சேர், மாத்தறைச் சிங்களவர். எங்கள் படிவங்களைப் படித்துப் படித்தே தமிழ் கற்றவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலை எட்டரைக்கு வந்து ஒரு கோப்பை வெந்நீர் குடிப்பார், தேநீர் தொடமாட்டார். பிறகு படிவத்தை மேசையில் விரித்து, பன்னிரண்டு அங்குல மர அடிமட்டத்தை முதல் வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே வருவார். சந்தேகம் வந்தால் அடிமட்டம் நிற்கும். தலையை நிமிர்த்தமாட்டார். நாம் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வீட்டுச் சாமான்கள் பகுதிக்கு அவர் ஒரு தனி முறை வைத்திருந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் நாங்கள் ஒரு சின்ன எழுத்துப் போட வேண்டும். பார்த்து எழுதினால் 'பா'. கேட்டு எழுதினால் 'கே'. 'பா' இருந்தால் அடிமட்டம் நிற்காமல் போகும். 'கே' இருந்தால் நிற்கும்.

"மிஸ்டர் சுந்தரம், ஏன் பாக்க இல்ல?"

"உள்ள விடல்ல சேர்."

"சரி. விடல்லன்னு எழுதுங்க."

இந்த முறையில் ஒரு ஓட்டை இருந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவின் வாசலில் நின்றாலே முழு வீடும் தெரியும். அங்கே எல்லாம் 'பா'. மாடி வீட்டுக்காரனிடம் எல்லாம் 'கே'. இல்லாதவன் வீட்டை நாங்கள் கண்ணால் எண்ணினோம். இருக்கிறவன் வீட்டை அவன் வாயால் எண்ணினோம். இது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது.

அந்த ஒப்பீட்டு வேலை வந்தபோது எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. நாடு நெருக்கடியில் விழுந்து நின்ற பெற்றோல் வரிசைகள் அப்போதுதான் கலைந்திருந்தன. பல வீடுகளில் மூன்று வேளை இரண்டாகியிருந்தது. மேலிடத்தில் கேட்டது இதுதான்: திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர்கள் இங்கே இரண்டு வகை. ஒரு வகையினர் தேயிலைக்கு வந்தார்கள். இன்னொரு வகையினர் அவர்களுக்கு அரிசியும் துணியும் விற்க வந்தார்கள். பேச்சு ஒன்று, சாமி ஒன்று. இத்தனை தலைமுறைக்குப் பிறகு இவர்கள் எப்படியிருக்கிறார்கள், அவர்கள் எப்படியிருக்கிறார்கள்? தோட்டத்தில் நாற்பது வீடு, பஜாரில் நாற்பது வீடு, வீட்டுக்கு ஐம்பத்திரண்டு கேள்வி. அதே படிவத்தைக் கொண்டுதான் நிவாரணப் பட்டியலுக்கும் புள்ளி போடுவார்கள். வீட்டில் சாமான் கூடினால் புள்ளி கூடும். புள்ளி ஓர் அளவைத் தாண்டினால் பட்டியலில் பெயர் இருக்காது.

முதலில் ராகலை பஜார். காசிநாதன் முதலாளி கடையை மறக்க முடியாது. முன்னால் துணி, பின்னால் பலசரக்கு, மேலே வீடு. மாடிப்படிக்கு ஒரு திரை. திரைக்குப் பின்னாலிருந்து நெய்யில் ஏதோ வறுபடும் வாசனை. என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்.

"மேல வீட்டக் கொஞ்சம் பாக்கலாமா முதலாளி?"

"மேல என்னங்க இருக்கு? பொம்பளைங்க துணி காயப் போட்டிருக்காங்க. கேளுங்க, சொல்றேன்."

"தொலைக்காட்சி?"

"ஒண்ணு இருக்கு. தட்டுனாத்தான் படம் வரும்."

"மெத்தை வச்ச நாற்காலி?"

"நமக்கு எதுக்குங்க மெத்த? கல்லாவுல ஒக்காந்து பழகுன ஒடம்பு."

"வாகனம்?"

"வாசல்ல லொறி நிக்குது, பாத்திருப்பீங்க. அது கடை பேர்ல. வேன் தம்பி பேர்ல. பைக்கு ஒண்ணு, அது கோயில் பேர்ல."

"உங்க பேர்ல?"

"என் பேர்ல நான்தான் இருக்கேன்."

கடைப் பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எழும்பும்போது முதலாளி தோளில் கை வைத்தார். "எழுதுறப்ப ஒண்ணு சேத்துக்குங்க. எங்க தாத்தாவும் தோட்டத்து ஆளுங்க தாத்தாவும் ஒரே ரயில்ல வந்தவங்கதான். அவுங்க தாத்தா மலையில எறங்கிட்டாரு. எங்க தாத்தா டவுன்ல எறங்கினாரு. அவ்வளவுதான் வித்தியாசம்."

நாற்பது பஜார் வீடுகளில் நான் மாடியேறிப் பார்த்தவை மூன்று. மற்றவர்கள் எல்லோரும் வரிக்குப் பயந்தவர்கள். பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. படிவம் கேட்டது குடும்பத்தின் சொந்தப் பொருளை. கடையின் பொருளை அல்ல.

அடுத்தது தோட்டம். ராகலையிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, தோட்டத்தின் உயரமான பிரிவான மேல் டிவிஷனுக்கு நடக்க வேண்டும். கல் படிகள் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு. என் வலது முழங்காலுக்கு அவை ஒவ்வொன்றும் தெரியும். நீண்ட லயம், பன்னிரண்டு கதவு. ஒரு வீட்டுக்கு ஐம்பது நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று வீடு. நாலு நாள் வேலை.

முதல் வீட்டுக்குள் போனதும் திகைத்தேன். சிவப்பு மெத்தை வைத்த இரண்டு நாற்காலி. கண்ணாடி போட்ட சின்ன டீப்போ மேசை. அதன்மேல் தட்டில் தங்க விளிம்பு வைத்த நாலு கோப்பை, பக்கத்தில் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல். இந்த நெருக்கடியிலும் இவர்கள் இப்படி வந்துவிட்டார்களே என்று சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மெத்தை நாற்காலி 2, பா. டீப்போ 1, பா. மின்கேத்தல் 1, பா. நாற்காலி இடப்பக்கம் ஆடியது. பிழைபட்ட ஒரு படிவத்தின் மூலையைக் கிழித்து, எட்டாக மடித்துக் காலுக்கடியில் சொருகினேன். ஆட்டம் நின்றது.

அடுத்த வீட்டிலும் நாற்காலி இரண்டு. அதன்மேல் நீலப் பின்னல் உறை. அதற்கடுத்ததில் கிளி தைத்த உறை. இன்னொன்றில் பழைய சேலைத் துண்டு. எல்லா வீட்டிலும் "ஒக்காருங்க ஐயா" என்றார்கள். எல்லா வீட்டிலும் பால் தேநீர். நான் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்பக்கச் சமையல் குசினிக் கதவு திறந்து மூடும். ஒரு தரம் பக்கத்து வீட்டுப் பக்கமிருந்து, "மெதுவா, கண்ணாடி கண்ணாடி" என்று ஒரு பெண் குரல் கேட்டது. ஐம்பத்திரண்டு கேள்வியில் அது இல்லை. நான் நிமிரவில்லை.

நாலாம் நாள் கடைசிக் கதவு முத்துலெட்சுமியினுடையது. நாற்பத்தாறு வயது. கணவர் சிவனு. தேயிலைக்கு நடுவே நிற்கும் நிழல் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து முதுகு போனவர். மூன்று வருடமாகப் பலகைக் கட்டிலில். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தது பதுளைப் பக்கம்.

"வாங்க ஐயா. மரியாதைக்கு எந்திரிக்க முடியல, மன்னிச்சுக்குங்க" என்றார் சிவனு, படுத்தபடியே. "நாக்காலில ஒக்காந்து மூணு வருசமாச்சு. நீங்க ஒக்காருங்க, நான் பாத்துக்கிறேன்."

"வந்தவுங்ககிட்டயும் இவருக்கு வாய்தான்" என்றார் முத்துலெட்சுமி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை.

இருபத்தோராம் கேள்வியில் அவர் "ஒரு நிமிசம் ஐயா" என்று எழுந்தார். கணவரின் தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்து, கீழே விரித்திருந்த துணியோடு சேர்த்து இழுத்து, சுவர்ப் பக்கமாகப் புரட்டினார். முதுகுக்குப் பழைய தலையணையை அணைத்தார். குதிகாலுக்கு ஒரு துணி வளையம். ஈரக் கையால் முதுகைத் தொட்டுப் பார்த்து, தேங்காய் எண்ணெய் தடவினார். இதெல்லாம் மூன்று நிமிடம். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தரம் இப்படிச் செய்யாவிட்டால் புண் வந்துவிடும் என்று நுவரெலியா வைத்தியசாலையில் சொல்லியிருந்தார்களாம்.

"காலையில பக்கத்து வீட்டு ஆயா ஒரு தரம் பொரட்டுவாங்க. அவுங்களுக்கும் வயசாச்சு. நான் பத்தரைக்கெல்லாம் பறிச்ச கொழுந்த தராசுல நிறுத்துட்டு வந்துருவேன். அரப் பேருதான் போடுவாங்க." அரை நாள் வேலைக்கு அரைப் பேர், அதாவது அரைச் சம்பளம். மீதி அரையை நிவாரணம் நிரப்பியது. அந்த வீட்டின் முழுக் கணக்கும் அதுதான். அதற்கு ஐம்பத்திரண்டு கேள்வி தேவையில்லை.

முப்பதாம் கேள்வியில் என் பென்சில் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். நாற்காலியின் இடக் காலுக்கடியில் எட்டாக மடித்த ஒரு காகிதம். வெளிமடிப்பில் என் கையெழுத்தில் ஏழு. எங்கள் அலுவலகத்தில் ஏழுக்குக் குறுக்குக் கோடு போடுகிறவன் நான் ஒருவன்தான். முதல் நாள், முதல் வீட்டில் நான் சொருகியது.

குனிந்த நிலையிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. லயத்துப் பன்னிரண்டு வீடும் சேர்ந்து இந்தச் சாமான்களில் ஒரே ஒரு தொகுதி வாங்கிப் பொதுவாக வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வரும்போதும், யாராவது பெரிய ஆள் வரும்போதும் போட. நான் ஒரு வீட்டில் இருக்கும்போதே மற்ற நாற்காலியையும் கோப்பைகளையும் குசினி வழியாக அடுத்த வீட்டுக்கு நகர்த்தத் தொடங்கிவிடுவார்கள். நான் வாசலில் செருப்புப் போடுவதற்குள் மீதியும் போய்விடும். உறை மட்டும் அவரவருடையது. நாலு நாளாக நான் உட்கார்ந்தது ஒரே நாற்காலியில். எழுதியது இருபத்து நாலு.

எங்கள் கையேட்டில் சாமான்கள் பகுதிக்குக் கீழே ஒரு வரி உண்டு: சொந்தமா எனக் கேட்டு உறுதி செய்க. அதை நான் ஒருபோதும் கேட்டதில்லை. இறம்பொடையில் எங்கள் குவாட்டர்ஸில் ஆறு நாற்காலி இருந்தன. லயத்திலிருந்து ஒருவரும் வந்து இரவல் கேட்டதில்லை. கேட்கக்கூடிய இடத்தில் நாங்கள் இருக்கவில்லை. நாற்காலி இரவல் போகும் என்பதே எனக்குத் தெரியாது.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். முத்துலெட்சுமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது உங்களுடையதா என்று ஒரு கேள்வி. கேட்டால், கட்டிலில் கிடக்கும் மனிதருக்கு முன்னால் அவர் முகம் என்னவாகும் என்று நினைத்தேன். இது ஒரு காரணம். கேட்டால் மற்றப் பதினொரு வீட்டுக்கும் திரும்பப் போக வேண்டும், நாலு நாள், நானூற்றுப் பன்னிரண்டு படி. இது இன்னொன்று. வெள்ளிக்கிழமை கடைசி நாள். 'பா' போட்டால் அடிமட்டம் நிற்காது. ஒரு லயம்தானே, நாற்பது வீட்டில் கரைந்துவிடும். ஐந்து காரணம் ஆகிறது. இதில் எது பெரியது என்று இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எழுதினேன். மெத்தை நாற்காலி 2, பா.

அடிமட்டம் பன்னிரண்டு படிவத்திலும் ஓரிடத்திலும் நிற்கவில்லை. "நல்ல வேலை மிஸ்டர் சுந்தரம். எல்லாம் பாத்தது" என்றார் விமலசேன சேர். இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. இரு பிரிவினரின் வீட்டு வசதிகளுக்கிடையே பெரிய இடைவெளி காணப்படவில்லை என்று ஒரு வாக்கியம். கூட்டத்தில் அதை வாசித்தார்கள். ரோல்ஸும் பிளேன்டீயும் கொடுத்தார்கள். "தோட்டத்துக்காரங்க பஜார எட்டிப் புடிச்சிட்டாங்க சேர்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நான் இரண்டாவது ரோல்ஸை எடுத்தேன்.

அடுத்த மாதம் முத்துலெட்சுமி அலுவலகத்துக்கு வந்தார். கையில் கடிதம். பட்டியலிலிருந்து பெயர் நீங்கியிருந்தது. பஸ்ஸுக்காக அன்றைய அரைப் பேரையும் விட்டு வந்திருந்தார்.

"என்னா ஐயா காரணம்? ஒண்ணும் வெளங்கல."

படிவத்தை எடுத்து, அவருடைய புள்ளியைக் காட்டினேன். மெத்தை நாற்காலி, டீப்போ, கேத்தல். அந்த மூன்றும் இல்லாவிட்டால் அவர் பட்டியலில் இருப்பார்.

"அது லயத்துச் சாமானுங்க ஐயா. எங்களுக்கு ஏது? கவருமெண்டுல இருந்து வாறவுங்கள நிக்க வச்சுப் பேச முடியுங்களா?"

முறையீட்டுப் படிவத்தில் இரண்டு பகுதி இருந்தது. முதல் பகுதி, தகவல் தந்தவர் தாம் பொய்யான தகவல் தந்ததாக ஒப்புக்கொள்வது. இரண்டாம் பகுதி, தகவல் எடுத்த உத்தியோகத்தர் தமது கவனயீனத்தை ஒப்புக்கொள்வது. மூன்றாம் பகுதி கிடையாது. நான் முதல் பகுதியை அவர் பக்கம் தள்ளினேன். ஆம், நான்தான் தள்ளினேன்.

அவர் எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். பிறகு திரும்ப என் பக்கம் தள்ளினார்.

"பொய் சொன்னேன்னு கையெழுத்து வைக்கச் சொல்றீங்களா? நான் என்னுதுன்னு சொல்லவே இல்லையே ஐயா. நீங்க யாருதுன்னு கேக்கவும் இல்ல. கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

"அம்மா, இது ஒரு சடங்குக்குத்தான்."

"சடங்குக்குன்னாலும் பொய் சொன்னவ ஆயிருவேன்ல. அவரு என்னா நெனப்பாரு? என்னால ஏலாதுங்க."

முறையீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று மாலை விமலசேன சேரிடம் போய்ச் சொன்னேன். மடித்த காகிதத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் வெந்நீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தார். முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் சுந்தரம், நீங்க எழுதித் தாங்க. நான் கையெழுத்துப் போட்டு அனுப்புறேன். தடுக்கமாட்டேன்." கோப்பையைத் திரும்ப முன்னால் இழுத்தார். "ஆனா கவனயீனம்னு எழுதினா, உங்க பைல் மேல போகும். விசாரணை முடியும் மட்டும் பிஞ்சன் நிக்கும். எத்தன மாசம்னு எனக்குத் தெரியாது. யோசிங்க."

அவர் மோசமானவர் அல்ல. எனக்கு உண்மையைச் சொன்னார். யோசிக்கச் சொன்னது என்னை. யோசித்தது நான்.

முதல் நாள் எழுதினேன், கிழித்தேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஞாயிறு. நாலாம் நாள் முழுமையாக எழுதி, சட்டைப் பையில் வைத்து, அலுவலகத்துக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்தேன். ஐந்தாம் நாளும் கொண்டுபோனேன். ஆறாம் நாள் மழை, காய்ச்சல் என்று லீவு போட்டேன். காய்ச்சல் இருந்தது, ஆனால் போகக்கூடிய காய்ச்சல்தான். ஏழாம் நாள் மனைவி அந்தக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டு, பெட்டிக்கு மேலே வைத்தாள். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் அது பெட்டிக்கு மேலேயே இருந்தது. விமலசேன சேர் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். ஒரு பிழையும் இல்லாத சேவை என்று பேசினார்கள். ஓய்வூதியம் அடுத்த மாதமே வந்தது.

சுபாஷினியின் அழைப்புக்குப் பிறகு அந்தக் கடிதத்தைப் புதிதாக எழுதித் திணைக்களத்துக்கு அனுப்பினேன். பன்னிரண்டு படிவமும் பிழை, அவற்றை அடிப்படையாக வைக்க வேண்டாம் என்று. மூன்று வாரத்தில் சுபாஷினி தொலைபேசியில் பதில் சொன்னார்.

"பழைய தரவ மாத்த ஏலாதாம் சேர். ஏத்துக்கிட்டதாம். இப்ப மாத்தினா எதோட ஒப்பிடுறதுன்னு கேக்குறாங்க. நான் கையேட்டுல 'இரவலா எனக் கேட்கவும்'னு தடிச்ச எழுத்துல போடச் சொல்லியிருக்கேன்."

அந்தப் பிள்ளைமேல் குற்றமில்லை. ஆனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிகிறது. பதினெட்டுப் பேரும் ஒழுங்காகக் கேட்டால், நாலு வருடத்தில் தோட்டம் பின்னுக்குப் போய்விட்டது என்று அறிக்கை வரும். இருந்த நாற்காலியை விற்றுவிட்டார்கள் என்று யாராவது ஒரு காரணமும் எழுதுவார்கள். கேட்காமல் விட்டால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வரும். இரண்டிலும் மேல் டிவிஷன் வராது.

போன ஞாயிற்றுக்கிழமை மேல் டிவிஷனுக்குப் போனேன். இரண்டு விஷயம் சொல்வதற்காக. ஒன்று, நாற்காலி இரவல் என்று எழுதிய அன்றே எனக்குத் தெரியும் என்பது. மற்றது, என் ஓய்வூதியத்துக்காக ஒன்பது நாள் சும்மா இருந்தேன் என்பது. வழியில் ஐந்து இடத்தில் உட்கார வேண்டியிருந்தது.

முத்துலெட்சுமி அதே கடைசிக் கதவில் இருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. பலகைக் கட்டில் இல்லை. அந்த இடத்தில் விறகு அடுக்கியிருந்தது.

"அவரு போயி மூணு வருசம் முடியப் போகுதுங்க" என்றார். "காசு நின்னப்பறம் நான் முழுப் பேருக்குப் போனேன். காலையில ஏழுக்குப் போனா நாலரைக்குத்தான் வருவேன். ஆயா முடிஞ்சப்ப வந்து பொரட்டுவாங்க. முடியாத நாளு அப்படியே கெடப்பாரு. பொட்டுப் பொட்டாத்தான் ஆரம்பிச்சிச்சு. பொறவு எலும்பு தெரிஞ்சிச்சு. நுவரெலியாவுல இருபத்து மூணு நாளு வச்சிருந்தாங்க."

இருபத்து மூன்று என்பதை என்னைப் போலவே அவரும் எண்ணி வைத்திருந்தார்.

"அம்மா, அந்த நாற்காலி விஷயம். எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றேன். "குனிஞ்சப்ப பாத்தேன். முதல் வீட்டுல நான் மடிச்சு வச்ச காகிதம் கீழ இருந்தது."

அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுங்க ஐயா. நீங்க குனிஞ்சு பாத்தத நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். பொறவு ஒண்ணும் கேக்காம எழுதிட்டுப் போனீங்க. நீங்க போன ஒடனே இவருகிட்ட சொன்னேன், நம்மள வெக்கப்படுத்தாமப் போறாரு, நல்ல மனுசன்னு. அந்தக் கடிதாசி வந்தப்பறமும் இவரு அதயேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. அந்த ஐயா நல்லவரு, மேல உள்ளவங்க செஞ்சிருப்பாங்கன்னு. ஆஸ்பத்திரியிலயும் சொன்னாரு."

இரண்டாவது விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவரிடம் சொல்லாததை இங்கே எழுதியிருக்கிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்.